ஆளுக்கு ஒரு பக்கம்

ஆபீஸில் எனக்குப் 'புயல்' என்று பெயர். மற்றவர்கள் நாளொன்றுக்குப் பத்து வீடு முடிக்கவே நாக்குத் தள்ளும்போது நான் இருபது வீட்டுக் கணக்கெடுப்பை முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. பாதி வீடுகளுக்கு நான் போனதே கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே நிரப்பிவிடுவேன்.

எங்கள் படிவத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். வயது, வேலை, நோய் எல்லாம் அதில் வரும். ஆள் கூடினால் பக்கம் கூடும், கை வலிக்கும். அதனால் நான் போகாத வீடுகளில் எப்போதும் ஒரே ஒருவர்தான் குடியிருப்பார். அவருக்குத் தலைவலிகூட வராது. எந்த வீட்டுக்கு நர்ஸை அனுப்புவது என்று இந்தப் படிவங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

ஆறு மாதம் கழித்து மேற்பார்வையாளர் அம்மா ஒரு பட்டியலை மேசையில் வைத்தார். சில வீடுகளுக்கு மறுபடி போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும், பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க. வழக்கமாக இதற்கு வேறு ஆள்தான் போவார். பட்டியலில் 214ஆம் எண் வீடும் இருந்தது. அது நான் டீக்கடை பெஞ்சிலேயே நிரப்பிய வீடு. கெஞ்சிக் கூத்தாடி நானே வாங்கிக்கொண்டேன்.

நடைவழியின் கடைசியில் இருந்தது அந்த வீடு. வெளியே நல்ல வெயில். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மருந்து நெடி, காயாத துணியின் வாடை, நெடுநாள் அடைத்துக் கிடந்த காற்று.

"அக்கா, சர்வேல இருந்து வர்றேன்."

"வாங்க சார். உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்."

சின்னக் கட்டிலின் பக்கத்தில் ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் ஒரு போர்வை. அதன் ஓரத்தை அடிக்கடி இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு அடியில் யாரும் இல்லை.

நான் குழைந்தேன். "அக்கா, ஒரு சின்ன உதவி. வீட்ல ஒருத்தர்தான்னு சொல்லிடுங்களேன். எனக்கு வேலை சுலபமா முடியும்."

"ஒருத்தர்தான்."

அப்பாடா என்றிருந்தது. தரையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன்.

"யாருக்காவது மூச்சுத்திணறல் இருக்கா?"

"இல்ல."

"எழுந்து நடக்க முடியாதவங்க?"

"இல்ல."

"நர்ஸ் வந்து பாக்கணுமா?"

"வேண்டாம்."

அப்போதுதான் கேட்டது. கட்டிலிலிருந்து. ஒரு குழந்தை மூச்சை இழுக்கும் சத்தம். இழுத்து, நெடுநேரம் நின்று, மறுபடி இழுத்தது.

போர்வை அசையவில்லை.

அடுத்த கேள்விக்கு நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்தது. அதற்கடுத்ததற்கும். ஆறு மாதம் முன்பு நான் எழுதியிருந்த வரிசையில், நான் எழுதியிருந்த அதே வார்த்தைகளில்.

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"எம்பையனுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே சார்," என்றாள் மெதுவாக. "ராத்திரி பகலா வாசலையே பாத்துக்கிட்டிருந்தோம். ஒருத்தரும் வரல."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் என் மடியில் இருந்த கத்தையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை உருவினாள். பேனாவை வாங்கும்போது அவள் விரல் பட்டது. எலும்பு வரை சில்லிட்டது.

"இப்ப நான் கேக்கறேன். உங்க வீட்ல எத்தனை பேர்?"

"மூணு பேர்க்கா. நான், என் மனைவி, ஏழு வயசுப் பொண்ணு. மூணு பேர்!"

அவள் தலை நிமிரவே இல்லை. நான் சொல்வதற்கு முன்பே எழுதி முடித்திருந்தாள்.

"என்ன எழுதினீங்க?"

"நான் உங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே சார். ஏதோ கைக்கு வந்தத எழுதினேன்."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. தெருவில், வெயிலில் போய் நின்றேன். மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இருநூத்துப் பதினாலா?" என்றார். "உங்களுக்குச் சொல்லணும்னே இருந்தேன், அங்க போகாதீங்க. பையன் இறந்து ஒரு வாரத்துல அம்மாவும் போயிட்டாங்களாம். வீடு பூட்டி நாலு மாசம் ஆச்சு."

அவரே தொடர்ந்தார்.

"அது கிடக்கட்டும். உங்க வீட்டுப் படிவம் என் மேசையில இருக்கே, எப்ப குடுத்தீங்க? சரிபார்த்தாச்சுன்னு முத்திரைகூட விழுந்திருக்கு."

"என்ன எழுதியிருக்கு மேடம்?"

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மொத்தம் ரெண்டு பேர். உள்பக்கம் எல்லாம் காலி. நீங்க மூணு பேராச்சே, யார விட்டுட்டீங்க?"

போனை வைத்தேன். விட்டுப்போன அந்த ஒருவர் நானாகவே இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். இந்த வயதுவரை நான் எதையும் அப்படி வேண்டியதில்லை.

இப்போது வீட்டுப் போன் எண்ணை அழுத்தியிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மனைவி எடுத்தால் மகளைப் பற்றிக் கேட்க வேண்டும். மகள் எடுத்தால் அவள் அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும்.

யாரோ எடுத்துவிட்டார்கள்.