பசிக்காரன் வீட்டு கேட்

பைன் மரங்களுக்கு முன்னால் இருந்த கேட் திறந்து கிடந்தது.

லோர்னா நின்றுவிட்டாள். பள்ளிப் பேருந்து நிற்கும் தார்ச்சாலையிலிருந்து வீடு வரைக்கும் நான்கு மேய்ச்சல் நிலங்கள். சின்னப் பெண்ணாக அவள் நடந்த அதே பாதையில்தான் இப்போது மகள் ஈடியைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். இந்தக் கேட் பாதைக்குப் பக்கவாட்டில் இருந்தது. அதற்குள் யாருக்கும் வேலை கிடையாது. மரங்களுக்குப் பின்னால் செத்த ஆடுகளைப் போடும் குழி இருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, பசிக்காரன் வெளிய போயிருக்கான்!" என்றாள் ஈடி. அவள் குரலில் பயம் கொஞ்சமும் இல்லை.

ஏழு வயது ஈடிக்கு இந்த வழியெல்லாம் மாய தேசம். ஓடு சரிந்த பழைய பால் கொட்டகை கண்ணாடிக் கோட்டை. கால்நடைத் தண்ணீர்க் குளம் ராணி முகம் பார்க்கும் இடம். மேட்டில் நின்ற கருங்கல் உறங்கும் யானை. தடவிக் கொடுக்காமல் தாண்டக் கூடாது. எல்லாம் லோர்னா சிறுவயதில் கட்டிய கதைகள். இந்தக் கேட்டுக்குப் பின்னால் பசிக்காரன் வீடு இருப்பதும் அவள் கட்டியதுதான், ஆனால் விளையாட்டுக்கு அல்ல. குழிப் பக்கம் மகள் போய்விடக் கூடாதே என்று அவிழ்த்துவிட்ட பொய்.

குளிர் தொடங்கும் ஏப்ரல் மாதத்து மாலை நாலு மணி. மலையிலிருந்து மூடுபனி இறங்கி வேலிக் கம்பிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளியின் வாடை, பைன் பிசினின் வாடை, அடியில் குழியின் இனித்த நாற்றம். பேருந்திலிருந்து ஈடி இறங்கும்போது தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டிருந்தது. டாஸ்மேனியாவில் துப்பாக்கிச் சத்தத்துக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எவனாவது முயல் சுட்டிருப்பான்.

லோர்னா கேட்டை இழுத்து மூடினாள்.

"அம்மா! மூடக் கூடாது!" ஈடி அவள் கோட்டைப் பிடித்துத் தொங்கினாள். "கேட்டை எப்படிப் பாத்தமோ அப்படியே விட்டுட்டுப் போகணும். நீதானே சொன்னே? அப்பா கூட சொல்வாரே!"

உண்மைதான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கற்பது அது. மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் விடு. யாரோ காரணத்தோடு திறந்து வைத்திருப்பார்.

"இப்ப கிடாயெல்லாம் ஆட்டு மந்தையோட நிக்குதுடி. ஒண்ணு உள்ள போயி குழியில விழுந்துதுன்னா உங்கப்பா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அவரேதான் மறந்துட்டுப் போயிருப்பாரு."

"அப்பா மறக்கவே மாட்டாரு."

"ஆமா, பெரிய வக்கீலு! நட."

கணவன் ரஸ் காலையில் ஊருக்குப் போயிருந்தான். ஆட்டுக்குப் புழு மருந்து வாங்கிக்கொண்டு வர இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். லோர்னா சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி ஆணியில் மாட்டினாள். கிடாக்கள் முட்டிப் பார்க்கும். ஒரு சுற்றுப் போதாது.

இருநூறு தப்படி போயிருப்பார்கள். பின்னாலிருந்து அந்தச் சங்கிலி குலுங்கியது.

மெதுவாக. பிறகு வேகமாக. இரும்பும் மரமும் மாறி மாறி அடித்துக்கொண்டன. அதோடு தொண்டை அறுந்த ஆட்டின் கத்தல் போல, நீர் கொப்புளிக்கும் ஒரு சத்தம்.

"அவன் வீட்டுக்குப் போகணும்னு குலுக்குறான் அம்மா. பாவம், திறந்து விடலாமா?"

"டெவிலுங்கடி. செத்த ஆட்டுக்கு அடிச்சுக்குது." சொல்லும்போது அவளே அதை நம்பினாள். டெவில்கள் என்ற அந்தக் கறுப்புக் காட்டு மிருகங்கள் பிணத்துக்குச் சண்டை போடும்போது போடும் கூச்சலில் பெரிய ஆம்பிளைகளே வெலவெலத்துப் போவார்கள். ஆனால் டெவில் முழங்கால் உயரம்கூட இருக்காது. சங்கிலி இருப்பது இடுப்பு உயரத்தில்.

அதை அவள் யோசிக்க விரும்பவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ முறிந்தது, காய்ந்த விறகு முறிவதைப் போல. இன்னொன்று முறிந்தது. அந்தக் கொப்புளிக்கும் சத்தம் ஒருமுறை உச்சத்துக்குப் போய் நின்றது. சங்கிலி மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டு முற்றத்துக் கேட்டை மூடிக் கொக்கி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். தான் கட்டிய கதைக்குத் தானே பயந்து ஓடி வந்த லட்சணம்!

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நாய் படுத்திருந்தது. டிப். ரஸ்ஸை விட்டு ஒரு நாளும் பிரியாத நாய். கூப்பிட்டால் வரவில்லை. உடம்பெல்லாம் உதறியது, கீழே மூத்திரம் குளமாக நின்றது. காதிலிருந்து வால்வரை ரத்தம். லோர்னா தடவிப் பார்த்தாள். நாயின் மேல் ஒரு காயமும் இல்லை.

பின்வாசலில் புழு மருந்து டப்பா இருந்தது. புதியது. மூடி கூட உடைக்கவில்லை.

ரஸ் ஊரிலிருந்து வந்துவிட்டான்.

அலமாரியில் துப்பாக்கி இல்லை. வீட்டை ஒட்டிய ஆட்டுக் கொட்டகையில் நேற்றிலிருந்து எழ முடியாமல் கிடந்த கிழட்டு ஆடும் இல்லை. அதைக் குழிக்கு எடுத்துப் போயிருக்கிறான், கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான், மரங்களுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறான். ஒரே ஒரு வெடிச்சத்தம். அது ஆட்டுக்கு. அதற்குப் பிறகு இன்னொரு தடவை சுட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சங்கிலியைக் குலுக்கியது ரஸ். தவழ்ந்து வந்து, கையை உயர்த்திக் குலுக்கியிருக்கிறான். அவள் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

அவள் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

"உள்ள இரு. தாழ்ப்பாளப் போட்டுக்கோ. நான் வர்ற வரைக்கும் திறக்கக் கூடாது, புரியுதா?"

"எங்கம்மா போற?"

"அப்பாவக் கூட்டிட்டு வரேன் கண்ணு."

கோடாரியை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். முற்றத்துக் கேட்டை மறக்காமல் மூடிக் கொக்கி போட்டாள். பனியில் தன் கைகூடத் தெரியவில்லை. குளம், யானைப் பாறை, கொட்டகை என்று எதையும் பார்க்காமல் காலுக்குப் பழகிய வழியில் ஓடினாள். "ரஸ்!" என்று கத்தினாள். ஆடுகள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

பைன் மரத்துக் கேட் திறந்து கிடந்தது.

அகலமாக. பாதைப் பக்கமாக.

கேட்டின் கீழ்ப் பலகைகள் உள்ளிருந்து நொறுங்கியிருந்தன. மேலே ஆணியிலிருந்து சங்கிலி கழன்று தொங்கியது. அதை இரண்டு கைகள் பிடித்திருந்தன. இடது கையில் மோதிரம். விரல்கள் இரும்பு வளையத்துக்குள் நுழைந்து இறுகியிருந்தன. மணிக்கட்டோடு முடிந்திருந்தன. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

ஒரு சுற்றாக இருந்திருந்தால் அவன் வெளியே வந்திருப்பான். இரண்டாவது சுற்றை அவிழ்த்து முடிக்கும்வரை அந்தக் கைகள் விடவில்லை.

அவன் அவிழ்த்த கேட்டில் வேறொன்று வெளியே வந்திருந்தது.

புல்லில் தடம் இருந்தது. ஒரு ஆள் படுக்கும் அகலம். பனித்துளி துடைக்கப்பட்டு, கறுப்பாக, ஈரமாக. அது மலைப் பக்கம் போகவில்லை. காட்டுப் பக்கம் போகவில்லை. அவள் ஓடி வந்த பாதைக்கு ஒரு கை தூரத்தில், அவள் கால் தடங்களை ஒட்டியே, வீட்டை நோக்கிப் போனது.

அதைத் தாண்டித்தான் அவள் ஓடி வந்திருக்கிறாள்.

பனியில் சத்தம் வெகுதூரம் வரும். வந்தது. முற்றத்துக் கேட்டின் கொக்கி குலுங்கியது. மெதுவாக. பிறகு வேகமாக.

"ஈடி! திறக்காதே!" லோர்னா கத்திக்கொண்டே ஓடினாள். "ஈடி!"

வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படியிறங்கும் சின்னப் பூட்ஸின் சத்தம்.

"வரேன், வரேன்," என்றது குழந்தையின் குரல், இரக்கத்தோடு. "அம்மா தெரியாம மூடிட்டாங்க."

குலுக்கல் நின்றது.