பவுனம்மாளின் குரலை வைத்த பெட்டி

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ஈயம் உருக்கும் புகை நாறியது. அய்யாவு மூக்கைச் சுளித்தார். காலமெல்லாம் லோரி ஓட்டியவர். நல்ல பொருளாக இருந்தால் அதை எதற்கு மாடியில் ஒளித்து வைத்து விற்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னாலேயே மகன் ரெங்கசாமி வந்தான். கம்ப்யூட்டர் படித்தவன். படித்துக் கிழித்தான். கிள்ளானில் இருக்கிற வீட்டில் அவன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் ஒரு வாரமாகச் செத்துச் செத்துப் பிழைக்கிறது. அதிலிருப்பதை நகல் எடுத்து வைக்க வாங்கிய ஹார்ட் டிஸ்க் பெட்டி அதற்கு முன்பே நிஜமாகவே செத்துவிட்டது.

கம்ப்யூட்டர் எக்கேடு கெட்டால் என்ன? அதற்குள் பவுனம்மாள் இருந்தாள்.

அவர் மனைவி. தஞ்சாவூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பவென்று பேசிப் பதிந்த ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஏற்றிய கையோடு டேப் ரெக்கார்டர் அந்தக் கேசட்டை மென்று துப்பியது. இப்போது அவள் குரல் சாகக் கிடக்கிற அந்த ஒரு மிஷினில்தான் மிச்சம். இன்றைக்கே இன்னொரு பெட்டியில் ஏற்றியாக வேண்டும்.

கடைக்காரன் பழனியப்பன் பளபளவென்று இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.

"அங்கிள், லேட்டஸ்ட் லா இது. ஒரு வருஷம் வாரண்டி."

"ஒரு வருஷந்தான் உசுரோட இருக்கும்னு நீயே சொல்ற." அய்யாவு ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "சோப்பு டப்பா. கனமே இல்ல. இதுலயா எம் பொண்டாட்டிய வெக்கிறது?"

"கனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா," என்றான் ரெங்கசாமி.

"நீ வாங்குன லட்சணந்தான் தெரியுதே. சும்மா இரு."

கீழ்த்தட்டில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி கிடந்தது. பழசு. இழுத்துப் பார்த்தார். நல்ல கனம்.

பழனியப்பன் முகம் மாறியது. "அது வேணாம் அங்கிள். வாங்கிட்டுப் போனவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டாங்க."

"கெட்டுப்போச்சா?"

"கெடல. நல்லாத்தான் ஓடுது. ஏன்னு யாரும் சொல்லல. காசத் திருப்பிக் குடுத்தேன், அதயும் வாங்கிக்கல."

அய்யாவு சிரித்தார். புதுசைத் தலையில் கட்டுவதற்கு ஒரு பேய்க்கதை! இந்த மாதிரி எத்தனை கடைக்காரனைப் பார்த்திருப்பார். காசை மேசைமேல் போட்டுவிட்டு, இரும்புப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்திலேயே வீடு இருட்டிவிட்டது. மகன் பெட்டியை மாட்டினான். உள்ளே எதுவுமில்லை, சுத்தமாக அழித்திருக்கிறார்கள் என்றான். பெட்டி துளிச் சத்தம்கூடப் போடவில்லை. அய்யாவு கையை வைத்துப் பார்த்தார். அடைகாக்கும் கோழியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. எங்கிருந்தோ ஈரத்துணி மக்கிய வாடை வந்தது.

நகல் ஏறி முடிந்தது. மகன் போட்டுக் காட்டினான்.

"அக்கா, நல்லாருக்கியா..."

அவளுடைய கரகரத்த குரலேதான். அய்யாவு கண்ணை மூடிக்கொண்டார். மழை, மாமரம், மூட்டுவலி என்று அவள் பேசிக்கொண்டே போனாள். கடைசியில் அவரைத் திட்டுகிற இடம் வரும். 'இந்தாங்க, கேசட் ஓடுது, வாயத் தொறந்து பேசுங்களேன்' என்பாள். அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்.

வந்தது.

"அய்யாவு, வாயத் தொறந்து பேசேன்."

கண்ணைத் திறந்தார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் பவுனம்மாள் ஒருநாளும் அவர் பேரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் புருஷன் பேரைக் கேட்டபோதுகூட மகனைக் கைகாட்டியவள்.

"இது அவ இல்லடா."

"அம்மா குரல்தானேப்பா?"

"குரல் அவளோடது. பேசுறவ வேற எவளோ. மொத இருந்தத போடு. கம்ப்யூட்டர்ல இருக்குமே, அத."

போட்டான். அதிலும் அப்படியே இருந்தது.

"அய்யாவு."

இந்தத் தடவை பேரைச் சொல்லிவிட்டுச் சிரித்தது. இளக்காரமான சிரிப்பு. சிரித்தால் பவுனம்மாளுக்கு இருமல் வரும். இதற்கு வரவில்லை. இது மூச்சே இழுக்கவில்லை.

"ஏம்ப்பா பயப்படுறீங்க?" என்றான் ரெங்கசாமி. "அம்மா எப்பவும் உங்கள அப்படித்தானே கூப்புடுவாங்க."

அவன் கண்ணில் பொய் இல்லை.

அதைப் பார்த்துத்தான் அய்யாவு எழுந்து பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"எவடி நீ? அடுத்தவ குரலத் திருடித் திங்கிற நாயே!"

கம்பிகளையெல்லாம் பிடுங்கினார். மகன் கத்தக் கத்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார். கிள்ளான் ஆற்றுப் பாலத்திலிருந்து அதை வீசினார். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் நல்ல வெயில். மகன் வேலைக்குப் போய்விட்டான். அய்யாவு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மிஷின் போனால் போகிறது. பெண்டாட்டி குரலை வைத்துக்கொள்ள மனுஷனுக்கு மண்டை போதாதா? கண்ணை மூடி அவளை வரவழைத்தார். அடுப்படியில் மிளகாய் அரைத்துச் சம்பால் வதக்கிக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். முகம் தெளிவாகத்தான் வந்தது. வாயும் அசைந்தது.

எல்லா வாயிலிருந்தும் அந்தக் குரல்தான் வந்தது.

கல்யாணப் பந்தலில் தலைகுனிந்து நின்ற பெண் நிமிர்ந்து, "அய்யாவு" என்றாள்.

இருமலில்லாமல் சிரித்தாள்.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். தலைக்குமேல் வெயில். தெருவில் ஆள் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஈரத்துணி வாடை வந்தது.

"அய்யாவு."

சமையல்கட்டிலிருந்து.

பதில் சொல்லிவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கூடத்தில், கம்பி பிடுங்கப்பட்டுக் கிடந்த கம்ப்யூட்டர் பக்கமிருந்து, அவருடைய குரலே பதில் சொன்னது.

"இதோ வரேன்."