இறுகாத ரெசின்

மூன்று நாளாகியும் இரண்டாவது டப்பாவில் ஊற்றிய ஃபைபர் படகுக்கான ரெசின் இறுகவில்லை.

ஜெபராஜ் கட்டைவிரலால் மறுபடி அழுத்திப் பார்த்தார். விரல் நகம் வரைக்கும் உள்ளே போனது. இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த அரை மணி நேரத்தில் சூடேறிக் கல்லாகியிருக்க வேண்டிய பொருள், அந்த நவம்பர் புழுக்கத்திலும் செத்த மீனின் வயிற்றைப் போலச் சில்லென்று குழைந்து கிடந்தது. விரலை எடுத்ததும் குழி மெல்ல, அவசரமில்லாமல், மூடிக்கொண்டது.

முதல் டப்பாவைத் தட்டினார். டங் என்றது. அதில் இருந்தது பழைய டிரம்மின் ரெசின்.

அதுதான் அவருக்கு விளங்கவில்லை. புது டிரம் போன வாரம் மெட்ராஸ் கப்பலில் வந்து இந்தத் தீவின் ஹேடோ துறையில் இறங்கியது. கடல் தண்ணீருக்கென்றே செய்த உயர்ந்த ரகம். தேதியும் மூடியின் முத்திரையும் அவரே பார்த்து, தன் கையாலேயே உருட்டி வண்டியில் ஏற்றினார். பழையதோ சாதாரண ரகம். கெடு தாண்டி ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்கு முன்பே துறையில் நாலு மாதம் வெயிலில் காய்ந்தது. அது இறுகாமல் பிசுபிசுத்துக் கிடப்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்றுதான் அதையும் ஒரு டப்பாவில் ஊற்றிவைத்தார். பழைய டிரம்மையே தூக்கி எறிந்திருக்கலாம். எறிந்தால் ஏன் என்று பழனிசாமி கேட்பான். பத்து வருஷமாக அவரோடு வேலை செய்கிறவன். அவனிடம்கூட அவர் சொல்லவில்லை.

மீனவர் குடியிருப்பான ஜங்லிகாட்டில் முதல் ஃபைபர் படகை ஜெபராஜ்தான் கட்டினார். இதே எழுபத்தைந்து மார்ச்சில். மரப்படகு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியான அவர் மெயின்லாண்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கி இந்த வேலையைக் கற்றுவந்தார். படகு சின்னப்பனுக்கு. இருவரும் தூத்துக்குடியிலிருந்து ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். நல்ல ரெசின் வர இன்னும் ஆறு வாரம் ஆகுமென்று தகவல் வந்தது. ஆனால் மீன்வளத்துறை அதிகாரி பார்க்க வருகிற தேதி குறித்தாகிவிட்டது. கொட்டகையில் பழைய டிரம் இருந்தது. அதன்மேல் அச்சடித்திருந்த தேதியை ஜெபராஜ் உப்புத்தாளால் தேய்த்து அழித்தார்.

படகு மே மாதம் ரட்லண்ட் தீவுப் பக்கம் மீனுக்குப் போனது. சின்னப்பனும் அவனோடு நாலு பேரும், ஆக ஐந்து பேர். யாரும் திரும்பவில்லை. பதினோரு நாள் கழித்து வண்டூர்க் கரையில் படகின் ஒரு துண்டு மட்டும் ஒதுங்கியது. போலீஸ் ஜீப்பில் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நனைந்த பத்திரிகைக் கட்டு போல அடுக்கு அடுக்காக உரிந்திருந்தது. ஓர் அடுக்கை அவர் இரண்டு விரலால் இழுத்தார். சத்தமில்லாமல் கழன்று வந்தது.

"என்ன ஆயிருக்கும் மேஸ்திரி?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பாறையில அடிச்சிருக்கு சார்."

அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இப்போது சின்னப்பனின் மனைவி ரோசலின் புதுப் படகு கேட்டிருந்தாள். அவள் தம்பி கடலுக்குப் போவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலம் வேலை எப்படி நடக்கிறதென்று அவள் பார்க்க வந்தபோது ஜெபராஜ் டப்பாக்களின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொட்டகை முழுக்க ரெசினின் இனித்த நெடி. அதற்கு அடியில் வேறொரு வாடை. சேற்றோரத்தில் நாளெல்லாம் கிடந்த ஈரத்துணியின் வாடை.

"என்னண்ணே, இது சோதனையா?" என்று அவள் குனிந்தாள்.

"தொடாத, ரோசலின். அது இன்னும்..."

அதற்குள் இரண்டாவது டப்பாவை எடுத்து மேசையில் தட்டினாள். டங் என்றது. பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரல்நுனி வெளுத்தது. உள்ளே போகவில்லை.

"பக்காவா இருக்கேண்ணே. கல்லு மாதிரி."

முதல் டப்பாவைத் தொட்டதும் கையை உதறி முந்தானையில் துடைத்தாள். "சீ, இது ஒட்டுது. தூ, என்ன நாத்தம்."

ஜெபராஜ் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் புது ரெசின் இன்னும் ஈரமாக மின்னியது.

"அவுக படகுக்கு இதுல எதைப் போட்டீக?" என்று கேட்டாள் அவள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

"ரெண்டும் இல்ல. அது... அப்பமே தீர்ந்துபோச்சு."

"எனக்கு என்ன தெரியும். நீங்க பாத்து எதைப் போட்டாலும் சரிதான். அவுக எப்பமும் சொல்லுவாக, ஜெபராஜ் கை வச்சா கடல்கூட ஒண்ணும் பண்ணாதுன்னு."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவள் கிளம்பிப் போகிறவரை அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

புது ரெசினைத்தான் போட்டார். தன் விரல் சொன்னதை நம்பாமல், அவள் விரல் சொன்னதை நம்பினார். இந்த ஒரு படகைச் சரியாகக் கட்டிவிட்டால் போதும், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அச்சுக்குள் கண்ணாடிநார்ப் பாயை விரித்தார். பழனிசாமி ரெசினை ஊற்ற ஊற்ற, அவர் உருளையை அழுத்தி ஓட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினார். ஒவ்வொரு குமிழும் உடையும்போது மெல்லிய சத்தம் வந்தது. தண்ணீருக்கு மேலே வாயை மட்டும் நீட்டி ஒருவன் மூச்சு இழுக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. உருளையை எங்கே ஓட்டினாலும் அங்கே.

"ஏதாவது கேக்குதாடா?"

"என்ன மேஸ்திரி? குச் நஹி, ஒண்ணுமில்ல. வெயில் ஏறுறதுக்குள்ள முடிப்போம்."

நாலு நாளில் படகு அச்சிலிருந்து கழன்றது. குறை ஒன்றுமில்லை. நிறச்சாயம் கப்பலில் வராததால் படகின் ஓடு சாயமில்லாமல் இருந்தது. வெளிச்சம் பட்டால் தேன் நிறத்தில் ஊடுருவித் தெரிந்தது. ஆட்களை வைத்துக் கவிழ்த்து முக்காலிகள்மேல் ஏற்றினார்கள். பழனிசாமி பெயிண்ட் வாங்க ஹேடோவுக்குப் போனான். சாயங்காலம் நாலரை மணிக்கு, மேற்கு வாசல் வழியாக வெயில் சாய்ந்து விழுகிற நேரம், ஜெபராஜ் மரச் சுத்தியலோடு படகுக்கு அடியில் நுழைந்தார். தட்டித் தட்டி, உள்ளே எங்காவது பொள்ளல் இருக்கிறதா என்று கேட்டார். எங்கும் ஒரே சத்தம். உறுதியான சத்தம். வெகுநாள் கழித்து அவருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

தலைக்கு மேலே ஒரு நிழல் விழுந்தது.

உள்ளங்கை. விரல்களை விரித்து, வெளியிலிருந்து ஓட்டின்மேல் பதிந்திருந்தது.

"யாரு, ரோசலினா?"

"ஆமாண்ணே." குரல் தொலைவில், வாசலில் கேட்டது. "வாசல்லதான் நிக்கேன். வெயிலோட மழையும் வருது, பாத்தீகளா?"

"கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல. ஒத்தையிலதான் வந்தேன்."

இன்னொரு கை. பிறகு ஒரு கன்னம், ஓட்டோடு ஒட்டி. பிறகு வலப்பக்கம் நான்கு கைகள், இடப்பக்கம் நான்கு. பத்துக் கைகள். கவிழ்த்ததால் உச்சியில் இருந்த அடிக்கட்டையை எட்டிப் பிடிக்க நீண்டன. நகங்கள் கீறின. கவிழ்ந்த படகின் முதுகில் தொற்றிக்கொள்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். முழு உடம்பின் கனத்தோடு.

ஜெபராஜ் வெளியே தவழப் பார்த்தார். சுத்தியல் கைநழுவியது. நகர முடியவில்லை.

தகரக் கூரையில் மழை இரைந்தது.

"ரோசலின்!" என்று கத்தினார். "பாறை இல்ல தாயி! பழைய டிரம்ம நான்தான் போட்டேன். கெட்டுப்போனதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்!"

கூரையில் மழைதான்.

ஒரு ஜோடிக் கைகள் தளர்ந்தன. வழுக்கின. போயின. அடுத்த ஜோடி. அடுத்தது. அதற்கு அடுத்தது. கன்னம் மட்டும் சற்றுநேரம் இருந்துவிட்டு, அதுவும் இல்லை.

கடைசியாக இரண்டு கைகள் மிஞ்சின. சின்னப்பனின் அகலமான கைகள்.

"என்னண்ணே சொன்னீக?" வாசலிலிருந்து செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. "மழையில ஒண்ணும் கேக்கல."

"வராத! கிட்ட வராத, ரோசலின்!"

"என்ன?"

அவள் கேட்பதற்காகக் குனிந்திருக்க வேண்டும். ஓட்டின்மேல் புதிதாக ஒரு கை பதிந்தது. சின்னக் கை. மணிக்கட்டில் ரப்பர் வளையலின் கோடு.

அகலமான கைகளில் ஒன்று ஓட்டை விட்டது. பக்கவாட்டில் தடவித் தடவி வந்தது. அவள் மணிக்கட்டைப் பற்றியது.

அவள் செருப்பு தரையில் உராய்ந்தது. வளையலின் நிழல் முழங்கை வரை சரிந்தது.

முக்காலிகளின் உயரம் மூன்றடிதான். அதற்குக் கீழே சிமெண்டுத் தரை; கைகள் எப்போதோ அதைத் தொட்டிருக்க வேண்டும். ஜெபராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார். பிணைந்த இரண்டு கைகளும் ஓட்டின் சரிவில் கீழே, இன்னும் கீழே, இன்னும் கீழே வழுக்கிக்கொண்டிருந்தன.