பத்து நிகழ்கால வாக்கியங்கள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் ரோஸ்லின் தூத்துக்குடி விண்ணஞ்சல் நிலையத்தில் உட்கார்ந்து, கணவனுக்குப் பத்து ஆங்கில வாக்கியங்கள் சொல்வாள். கஸ்பார் சனிக் கோளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். திரும்பி வர இன்னும் ஒன்பது ஆண்டுகள்.

கப்பலில் பன்னிரண்டு நாட்டுக்காரர்கள், பொதுமொழி ஆங்கிலம். வீட்டுச் செய்தியும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும், அதுவும் நிகழ்காலத்தில் மட்டும். முன்பு போன கப்பலில், வீட்டில் நடந்த சாவைக் கேள்விப்பட்ட ஒருவர் காற்றறைக் கதவைத் திறந்து வெற்றுவெளியில் உயிரை விட்டார். அதன் பிறகு ‘சொல்வாயில்’ என்ற இயந்திரம் வந்தது. முடிந்துபோனதைச் சொன்னாலோ, சாவு, நோய் என்று வாய் திறந்தாலோ சிவப்பு விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் வாக்கியம் வானேறும்.

“நிலானி கோஸ் டு ஸ்கூல்” என்று பிழையில்லாமல் சொல்ல ரோஸ்லினுக்கு இரண்டு மாதம் பிடித்தது. கேலி செய்து திருத்தியதே மகள் நிலானிதான்.

அவள் காய்ச்சலில் இறந்து ஐந்து நாள் ஆகிறது.

“போன வாரம் மாதிரியே சொல்லிருங்க மதினி,” என்றாள் நிலையப் பொறுப்பாளர் பேச்சி. “புள்ள ஸ்கூலுக்குப் போறா, சாப்பிடுறா. அண்ணன் நிம்மதியா இருக்கட்டும்.”

“ஒம்பது வருஷமும் அவள வாயாலயே வளக்கச் சொல்றியா? வந்து எறங்குனதும் எம்புள்ள எங்கன்னு கேப்பாரு. நீயா பதில் சொல்லுவ?”

பேச்சி இயந்திரத்தை இயக்கினாள்.

ரோஸ்லின் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். “தி ஸ்கூல் வேன் டஸ் நாட் ஸ்டாப் அட் அவர் கேட்.” பள்ளி வேன் எங்கள் வாசலில் நிற்பதில்லை. பச்சை. “ஐ டோன்ட் பிரெய்ட் ஹேர் இன் தி மார்னிங்.” காலையில் நான் தலை பின்னிவிடுவதில்லை. பச்சை. வீட்டில் இப்போது என்னென்ன நடப்பதில்லை என்று பத்து வாக்கியங்களில் சொல்லி முடித்தாள்.

நிறுத்தும் பொத்தான் பேச்சியின் கைக்கருகில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“அவரும் அந்தக் கதவத் திறந்துட்டா?” என்று வெளியே வந்த பிறகுதான் ரோஸ்லினுக்குத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சி வாசலிலேயே நின்றாள். “ஆளு இருக்காரு மதினி. பதில் வந்திருக்கு.”

கஸ்பாரின் குரல் கரகரத்தது. “ஐ சே ஹர் நேம்.” நான் அவள் பெயரைச் சொல்கிறேன். கொஞ்சம் மூச்சுச் சத்தம். பிறகு மறுபடியும், “ஐ சே ஹர் நேம்.”

பத்து வாக்கியமும் அதுவேதான். பத்துக்கும் பச்சை எரிந்தது.