ஒன்பதாவது போர்ட்

ஐந்தாவது மாடி அறையில் முதலாளி செத்துக் கிடந்தார்.

மேஜை மேல் கவிழ்ந்த தலை. பின்மண்டையில் ரத்தம்.

பெண் இன்ஸ்பெக்டரின் எதிரே வியர்த்து நின்றவன், அந்தக் கட்டடத்தின் நெட்வொர்க் டெக்னீஷியன். ஆறு வருஷ வேலை. ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவன் 'வைஃபை'.

"மத்தியானம் ஒண்ணேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"கீழ... ஸ்விட்ச் ரூம்ல சாப்பிட்டுட்டு இருந்தேன் மேடம்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"பார்த்தவங்க?"

யார் பார்ப்பார்கள்? வைஃபை போனால்தான் வைஃபையைத் தேடுவார்கள். மனைவி விட்டுப்போய் மூன்று வருஷம். வீட்டிலும் சுவரோடுதான் பேச்சு. அவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை.

முதலாளியின் மைத்துனரான மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். எந்த போன் எந்த மாடி வைஃபை பெட்டியோடு இணைந்தது என்ற பட்டியல். ஒன்றேகாலுக்கு இவன் போன் ஐந்தாவது மாடியில்!

முதலாளி நேற்றுதான் இவன் சீட்டைக் கிழிக்கப் போவதாகச் சொன்னார் என்றும் போட்டுக் கொடுத்தார்.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

பழக்கதோஷம்... அவன் அண்ணாந்து கூரையில் இருந்த வெள்ளை வைஃபை பெட்டியைப் பார்த்தான்.

நீல விளக்கு எரியவில்லை.

"மேடம்... ஸ்விட்ச் ரூமுக்கு ஒரு நடை வரீங்களா?"

எல்லோரும் இறங்கினார்கள். மேனேஜரும்தான். எல்லா மாடிக் கேபிள்களும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சை அவன் காட்டினான். கேபிள் சொருகப் பதினாறு துளைகள், அதாவது போர்ட்டுகள்.

"வைஃபை பெட்டிக்குத் தனியா கரண்ட் கிடையாது மேடம். இந்தக் கேபிள் வழியாத்தான் போகும். முதல் எட்டு போர்ட்லதான் அந்தக் கரண்ட் வரும். அஞ்சாவது மாடி வைஃபை கேபிள் எட்டுல இருக்கணும்... ஒன்பதுல இருக்கு."

"யார் மாத்தினது?"

அவன் தலைகுனிந்தான். "நான்தான். காலைல கழட்டித் தூசி தட்டினேன். திரும்பச் சொருகறப்ப தப்பு பண்ணிட்டேன்."

ஆறு வருஷத்தில் முதல் தப்பு!

இன்ஸ்பெக்டர் ஸ்விட்சின் பதிவைத் திரையில் பார்த்தார். காலை ஏழு பத்துக்கு அணைந்த எட்டாவது போர்ட் இன்னும் அணைந்தே இருந்தது. அந்த மாடியில் முதலாளி ஒருவர்தான். அவர் கம்ப்யூட்டருக்கு நேரடிக் கேபிள். அதனால் யாரும் புகார் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"காலைலேர்ந்து கரண்டே இல்லாத பெட்டி, மத்தியானம் இவர் போனை எப்படிப் பார்த்துச்சு மேனேஜர் சார்?"

மேனேஜரின் முகம் வெளுத்தது. வாசலை நோக்கி நகர்ந்தார். வாசலில் கான்ஸ்டபிள்.

மேனேஜர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி கிழிக்க இருந்தது தன் சீட்டைத்தான் என்றும், ஆத்திரத்தில் அடித்துவிட்டு அந்தப் பட்டியலைத் தானே தட்டச்சு செய்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

"இவரை ஏன் மாட்டிவிட்டீங்க?"

"இவன் உள்ள போனா... ஏன்னு கேக்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

அது அவனைச் சுட்டது. கொலைப்பழிகூட இப்படிச் சுடவில்லை.

அவனுக்காக எடுத்த விலங்கு மேனேஜர் கையில் ஏறியது.

"நீங்கதான் முக்கியமான சாட்சி," என்று இன்ஸ்பெக்டர் அவன் நம்பரைக் குறித்துக்கொண்டார். "அடிக்கடி கூப்பிடுவேன். தொந்தரவா நினைக்காதீங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"தாராளமா கூப்பிடுங்க மேடம். என் போன் இதுவரைக்கும் பிஸியா இருந்ததே இல்ல!"