மணிக்கு மடங்கும் இலை

ஒருமுறைகூட வெட்டுப்படாத செடிகள்தான் பயந்தன.

சாயங்கால வெயில் நிழல்வலை வழியே பச்சையாக வடிந்துகொண்டிருந்தது. ஈர மண்ணும் மரவள்ளிப் பாலும் கலந்த வாடை ஏழு மாதக் கர்ப்பிணியான இலக்கியாவின் மூக்கில் ஏறியது. ராசிபுரம் பக்கம், வீட்டுக்குப் பின்னால் போட்ட இந்தக் குடிலில்தான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி நடந்தது. மரவள்ளித் தாய்ச் செடிகளுக்கு முன்னால் நின்று மேசை மணியைத் தட்டுவாள். டிங் என்றதும், கைபோல விரிந்த இலையில் நடுவிரலை மட்டும் கத்தரிப்பாள். நாள் தவறாமல் செய்தாள். போகப் போக, மணி கேட்டதுமே தாய்ச் செடிகள் அந்த விரலை மடக்கிக்கொள்ளப் பழகின. பிறகு அந்தச் செடிகளின் குச்சிகளை வெட்டி நட்டாள். முளைத்த பிள்ளைச் செடிகளின் மேல் கத்தரிக்கோல் படவே இல்லை. மரபணு அப்படியே இருக்க, அதன்மேல் ஒட்டும் சின்ன அடையாளம் தாயின் பயத்தைப் பிள்ளைக்குக் கொடுக்குமா என்பதே அவளுடைய கேள்வி.

இன்றைக்கு முதல்முறையாகப் பிள்ளைச் செடிகளின் முன்னால் மணியைத் தட்டினாள். அத்தனை இலைகளும் மெல்ல நடுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டன.

பட்டம் கைக்கு வந்த மாதிரிதான். வாய்விட்டுக் கத்தியிருப்பாள். அதற்குள் அவள் வயிற்றில் ஏதோ சுருண்டு, முதுகுப் பக்கமாக ஒதுங்கியது.

பிள்ளை புரளுகிறது, வேறென்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் ஒதுங்கியது. மணியைத் துணியில் சுற்றிக் கூடைக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டுக்குள் வந்தாள். உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

அவள் கணவன் குமரன் வேகவைத்த கிழங்குத் தட்டை அவள்முன் வைத்தான். ஆவி பறந்தது. குடிலின் அதே வாடை.

“ஏனுங்க, இந்தக் கெழங்கு ஏது?”

“உன்ற தாய்ச்செடித் தூருல புடுங்குனதுதான் கண்ணு.”

“குழி தோண்டிப் பொதைங்கன்னு சொன்னேனுங்களே!”

“மாவாட்டம் வேகற கெழங்க எவனாச்சும் பொதைப்பானா? மசக்கையில உனக்கு வேற எதுவும் எறங்கல. அதான் அப்ப இருந்து இதையே புடுங்கியாரேன்.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆராய்ச்சி நாசமாய்ப் போகட்டும், பிள்ளை நன்றாக இருந்தால் போதும். கிழங்கைத் தின்றால் பயம் ஒட்டுமா? எந்தப் பாடத்திலும் அப்படி இல்லை. அவள் படித்தவரை இல்லை. விடியும்வரை இதையே சொல்லிக்கொண்டு புரண்டாள்.

காலையில் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன். வயிற்றில் ஜெல் சில்லிட்டது. குமரன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கை, பூப்போல விரிந்திருந்தது.

“அஞ்சு வெரலும் இருக்கு, பாருங்கம்மா. நல்லா இருக்குது கொழந்தை,” என்றார் டாக்டர்.

இலக்கியாவுக்கு அழுகை வந்தது. நிம்மதி. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த ஆளைக் கூப்பிட, டாக்டர் மேசைமேல் இருந்த மணியைத் தட்டினார்.

டிங்.

திரையில் நடுவிரல் மட்டும் மடங்கியது.

மெல்ல. உள்ளங்கைக்குள்.

மற்ற நான்கும் விரிந்தே இருந்தன. குழந்தை கருப்பையின் கடைசி மூலைக்கு ஒதுங்கி, அவள் முதுகை ஒட்டிக்கொண்டு, அசையாமல் கிடந்தது.

கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்தது.