வெட்டுப்புள்ளியும் பால்சோறும்

பால்சோறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. அதுதான் வம்பாகிப் போனது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஒனெலி தேறிவிடுவாள் என்று அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. காலையிலேயே மூன்று தேங்காய் துருவிப் பால் பிழிந்துவிட்டாள். தேறிய பிள்ளை வீட்டிலிருந்து தெரு முழுக்கப் பால்சோறு துண்டு துண்டாக வெட்டிப் போக வேண்டும், அதுதான் வழக்கம்.

அப்பா போனைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

தேறுவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவு.

அம்மா எழுந்துபோய் முன்கதவைச் சாத்தினாள். யாராவது கேட்டால் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். எத்தனை நாள் கதவைச் சாத்தியே வைத்திருக்க முடியும்? நாளைக்குப் பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது.

நான்கு வயதுத் தம்பி மினுகவுக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை.

"வெட்டுப்புள்ளி வந்தாச்சுதானே? ஏன் இன்னும் பால்சோற வெட்டல்ல?" என்று கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒனெலி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். எதிரே திசல் வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. வகுப்பில் அவளோடு ஒரே வாங்கில் உட்காருகிறவன் திசல். பெயிலானால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன் என்று பரீட்சை அன்றைக்கு வேடிக்கையாகச் சொல்லியிருந்தான். இப்போது அந்த வீட்டிலிருந்து அவன் அம்மா அவனைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

அவனும் பெயிலாகி நிஜமாகவே கட்டிலுக்கு அடியில் போய்விட்டானோ என்று ஒனெலிக்குப் பயமாக இருந்தது. நேரே சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, இந்தச் சோத்த என்ன செய்யப் போறீங்க?"

"பாஸானவங்க வீட்டுலதான் குடுப்பாங்க, மகள். நாம எந்த முகத்தோட குடுக்கிறது?"

"பாஸாகாதவங்களுக்கும் பசிக்கும்தானே அம்மா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சோற்றைத் தட்டில் கொட்டி, வாழையிலையால் அழுத்தித் துண்டு போட்டுக் கொடுத்தாள்.

தெருவில் இறங்கியதும் பக்கத்து வீட்டு சோமலதா ஆன்ட்டி தட்டைப் பார்த்துவிட்டாள்.

"ஆ, பாஸா, மகள்? எத்தனை புள்ளி?"

ஒரு பொய் சொன்னால் போதும், இந்த நிமிடம் கடந்துவிடும். ஆனால் நாளைக்கு?

"பாஸ் இல்ல ஆன்ட்டி. மூணு புள்ளி குறைஞ்சிட்டுது. சோறு முதல்லயே ஆக்கிட்டோம்."

ஆன்ட்டி திகைத்து நின்றாள். பிறகு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "தொட்டுக்கக் காரமா சம்பல் எங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று ஒனெலிக்கு ஆச்சரியமாக இருந்தது.

எதிர் வீட்டுக் கதவைத் திறந்த திசலின் அம்மா சிவந்த கண்களோடு அறையைக் காட்டினாள். கட்டிலுக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒனெலி தரையில் உட்கார்ந்து தட்டை உள்ளே தள்ளினாள்.

"நீ பாஸா?" என்றது கட்டில்.

"இல்ல."

"பொய். பால்சோறு கொண்டு வந்திருக்க."

"மூணு புள்ளி குறைவு. அழுகை வருது எனக்கு. ஆனா சோறு ஆறிப் போகுதே."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"எனக்கு நாப்பத்தொரு புள்ளி குறைவு. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லமாட்டன். நீ சாப்பிடு."

ஒரு கை வந்தது. ஒரு துண்டு போனது. இன்னொன்றும் போனது.

"சம்பல் இல்லையா?"

"எங்க வீட்டுல இருக்கு. வந்தாத்தான் கிடைக்கும்."

தலையில் ஒட்டடையோடு திசல் வெளியே வந்தான். முகம் வீங்கியிருந்தது. ஒனெலி ஒட்டடையைத் தட்டிவிட்டாள். இருவரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.

ஒனெலி வீட்டு முன்கதவு விரியத் திறந்திருந்தது. சம்பல் கிண்ணத்தோடு வாசலில் நின்ற அம்மா, "எத்தனை பேருக்கு?" என்று கேட்டாள்.